ராசியில்லாத கோலி என்கிறார்கள்; ஆட்டத்தையே விட்டுவிடவா?

குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து 20 வயது மாணவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் கல்லூரியும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருக்கிறார். அதனால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பி.காம். இரண்டாம் ஆண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்ததால் ஃபீஸும் ஹாஸ்டலும் இலவசம். கல்லூரிக் கால்பந்து அணியின் கோலி, அதாவது கோல்கீப்பர். ஃபைனல் இயர் அண்ணன்கள் ஐந்து பேர் படிப்பு முடித்துப் போனதும் கேப்டன் பட்டையை இவர் கையில் கட்டிவிட்டார்கள். இந்த சீசனில் ஆடியது எட்டு மேட்ச். ஏழில் தோல்வி, ஒன்று டிரா. வாங்கிய கோல் 23, அடித்தது 4. கடைசி மேட்ச் 1–1 என்று நின்றபோது, முடிய நான்கு நிமிடம் இருக்கையில், கார்னரில் வந்த பந்தைப் பிடிக்க முன்னேறியிருக்கிறார். பந்து கையிலிருந்து நழுவ, எதிரணிப் பையன் தட்டி உள்ளே விட்டுவிட்டான். அதை யாரோ போனில் எடுத்து, சினிமாப் பாட்டு சேர்த்து, ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் நடுப்பகலில் பி.டி. சார் அணி முழுவதையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார். ஓடி முடிக்கும்வரை தண்ணீரும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. இரண்டு பேர் வாந்தி எடுத்திருக்கிறார்கள். ‘டீமை விட்டுப் போறவன் ரெண்டு வருஷ ஃபீஸையும் ஹாஸ்டல் பணத்தையும் கட்டிட்டுத்தான் டி.சி. வாங்கணும்’ என்றும் சொல்லியிருக்கிறார். மூன்றாவது மேட்சில் பிசகிய வலது கணுக்காலோடு, ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் வலி ஊசி போட்டுக்கொண்டு மீதி சீசனை இவர் ஆடி முடித்திருக்கிறார். வீக்கம் இன்னும் இறங்கவில்லை. இரவு மூன்று மணிவரை தூக்கம் வருவதில்லை. பையன்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு மெஸ்ஸுக்கும் வகுப்புக்கும் போவதில்லை. வருகைப்பதிவு 68 சதவீதம். ஊர் கிளப்பில் ‘இவன் நின்னா டீம் விளங்காது, ராசியில்லாதவன்’ என்கிறார்களாம். மீன்பிடித் தொழிலில் இருக்கும் அப்பா, ‘பந்து சோறு போடாது. வள்ளத்துக்கு வா, இல்லேன்னா கல்ஃபுக்குப் போ’ என்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. தோல்விக்கு நான்தான் காரணமா? ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத டீமில் ஆடிய எனக்கு இனி ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை கிடைக்குமா? பி.டி. சார் மேல் ராகிங் புகார் கொடுக்கலாமா? கால்பந்தையே விட்டுவிடட்டுமா? கடிதத்தின் கடைசி வரி: ‘எங்கேயாவது காணாமல் போய்விட வேண்டும் போல இருக்கிறது.’

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான். ‘காணாமல் போவது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? யாருக்கும் சொல்லாமல் எங்காவது ரயிலேறுவதையா, உயிரை விடுவதையா? நேரடியாகக் கேட்பதால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டில் எது என்றாலும், இன்று இரவுக்குள் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் உங்கள் அறையிலிருக்கும் நண்பன் ஆகட்டும், அம்மா ஆகட்டும். சொல்ல ஆளில்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்லக் கட்டாயமில்லை. சாவதைப் பற்றி மனது திட்டம் போடுகிறது என்றால் போனோடு நிற்காதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விடியற்காலைவரை தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, மனிதரைப் பார்க்கப் பிடிக்கவில்லை; இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். கணுக்காலைக் காட்ட எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம்.

23 கோலையும் யார் வாங்கினார்கள்?

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். தோல்விக்கு நீங்களே காரணம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே கொடுத்திருக்கும் புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 23 கோலில் 4 பெனால்டி. 9 கோல் கடைசிக் கால் மணி நேரத்தில் விழுந்தவை. எட்டு மேட்சில் ஒருமுறைகூடத் தற்காப்பு வரிசையில் அதே நான்கு பேக்குகள் அடுத்தடுத்து ஆடவில்லை: ஸ்டாப்பர் அரியர் பரீட்சைக்குப் போய்விட்டார், லெஃப்ட் பேக் ரெட் கார்டு வாங்கி வெளியே உட்கார்ந்தார், ஒரு மேட்சில் ஃபார்வர்ட் பையனைப் பின்னால் இறக்கி ஆடியிருக்கிறீர்கள். தெளிவாக என் தப்பு என்று நீங்கள் எண்ணுவது மூன்று கோல்.

அந்த மூன்றுக்கும் நீங்கள் பொறுப்புதான். ஆறுதலுக்காக அதை நான் மறைத்துப் பேசமாட்டேன். கார்னருக்கு வெளியே வந்தால் பந்தைப் பிடிக்க வேண்டும் அல்லது குத்தித் தள்ள வேண்டும். அது கோலியின் வேலை. ஆனால் மீதி 20 கோல்? பொதுவாகப் பெனால்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று கோலாகத்தான் முடிகின்றன. பன்னிரண்டு கஜ தூரத்திலிருந்து அடிக்கும் பந்துக்கு எட்டு கஜ அகலக் கம்பத்தைக் காப்பவன் பிடித்தால் அது சாதனை, விட்டால் அது வழக்கம். கடைசிக் கால் மணி நேரத்து ஒன்பது கோல், அணிக்கு மூச்சு தாங்கவில்லை என்பதைக் காட்டுகிறது. வாரத்தில் மூன்று நாள் காலையில் முக்கால் மணி நேரப் பயிற்சி, மாற்று ஆட்டக்காரர் இரண்டே பேர் என்று நீங்கள் எழுதியிருப்பதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு எண்ணை நீங்கள் ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். எட்டு மேட்சில் அடித்தது 4 கோல். மேட்சுக்கு அரை கோல். அப்படியென்றால் நீங்கள் மேட்சுக்கு ஒரே ஒரு கோல் மட்டும் விட்டிருந்தாலும் பாதி மேட்சாவது தோற்றிருப்பீர்கள். கோலியின் தப்பு கம்பத்துக்குள் விழுவதால் அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. நடுக்களத்தில் பந்தைத் தொலைத்தவனை யாரும் போனில் எடுத்துப் பாட்டுப் போடுவதில்லை.

ராசி என்ற சொல்லுக்கு வருகிறேன். ஊரார் சொல்வதை நீங்கள் நம்பத் தொடங்கிவிட்டீர்கள்; எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சென்னையின் எஃப்.சி. அணி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரிலேயே பெங்களூரு அணியை 3–2 என வென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையைத் தூக்கியது. அடுத்த சீசனில் அதே பயிற்சியாளர் ஜான் கிரிகரி, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. ஒன்பதே புள்ளிகள், பத்து அணிகளில் கடைசி. கோப்பை வென்ற சீசனில் கோலியாக நின்ற கரன்ஜித் சிங் இந்தத் தோல்வி சீசனிலும் ஆடினார். ஒரே மனிதர் ஒரு வருடம் ராசியுள்ளவராகவும் அடுத்த வருடம் ராசியில்லாதவராகவும் ஆகிவிட்டாரா? அதற்கும் அடுத்த சீசனில் அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது, 2019 டிசம்பரில் ஓவன் காய்ல் பயிற்சியாளராக வந்தார். 2020 மார்ச்சில் அணி ஃபைனலில் நின்றது. பாதுகாப்பு வரிசையில் ஒருவர் போவது, பயிற்சி மாறுவது, காயங்கள், ஓய்வில்லாத அட்டவணை என்று இப்படிப்பட்ட சரிவுகளுக்கு விளக்கம் உண்டு. விளக்கம் இருப்பதால்தான் அவற்றைத் திருத்தவும் முடிகிறது. ராசி என்று சொல்லிவிட்டால் திருத்த எதுவும் மிஞ்சாது. ஒரு பையனைப் பழிப்பது மட்டும் மிஞ்சும்.

கணுக்கால்

நான் மனநல ஆலோசகன். எலும்பு மூட்டு மருத்துவன் அல்ல. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தக் கார்னருக்கு நீங்கள் எந்தக் காலை ஊன்றி எம்பினீர்கள்? வலது கால் என்றால், நழுவியது கையில் மட்டும்தானா என்று யோசியுங்கள்.

வலி ஊசி வலியை மறைக்கும், காயத்தை ஆற்றாது. வலி என்பது ‘இந்தக் காலை ஊன்றாதே’ என்று உடம்பு சொல்வது. அதை வாயடைத்துவிட்டு முழு மேட்ச் ஆடினால் கிழிந்த தசைநார் இன்னும் கிழியும். நாளைக்குச் சமதரையில் நடந்தாலே பிசகும் காலாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை, வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் கேடு. மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இது. இத்தனை வாரமாக வீக்கம் வடியவில்லை என்றால் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவரிடம் எத்தனை ஊசி, என்ன மாத்திரை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறகு இயன்முறை மருத்துவர் சொல்லும் பயிற்சிகளை அரைகுறையாக விடாமல் முடியுங்கள்.

ஓய்வெடுத்தால் இடம் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் குமரிக் கடற்கரையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2020 நவம்பரில், ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் வெளியே இருந்தார். பிறகு திரும்பி வந்து ஐ.எஸ்.எல்.லில் ஆடினார். உங்களுக்கு வயது 20. கோலிகளுக்கு முப்பது தாண்டியும் ஆட்டம் உண்டு.

மருத்துவர் எழுதித் தரும் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் விஷயத்தில் அது உங்களுக்குப் பலம்.

ஃபீஸ், டி.சி., புகார்

இங்கே உங்களிடம் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, ‘டீமை விட்டால் ஃபீஸைத் திருப்பிக் கட்ட வேண்டும்’ என்பது. இது சார் வாயால் சொன்னது. நீங்கள் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருக்கிறது? உங்களிடம் நகல் இல்லை என்கிறீர்கள். அலுவலகத்தில் மரியாதையாக ஒரு மனு எழுதிக் கேட்டு வாங்குங்கள். இனி வரும் வருடத்துக்குச் சலுகையை நிறுத்துவது வேறு, ஏற்கெனவே கொடுத்த சலுகையைத் திருப்பிக் கேட்பது வேறு. முன்னதற்குக் கல்லூரிக்கு இடமிருக்கலாம். அதனால் ஆட்டத்தை விடும் முடிவில் அடுத்த வருட ஃபீஸ் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் இருக்கிறது. பின்னதற்கு எழுத்தில் நிபந்தனை இருந்தாக வேண்டும். காயத்தால் ஆட முடியாமல் போவதற்கும் தானாக விலகுவதற்கும் அந்தக் காகிதத்தில் வேறுபாடு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் சீட்டு உதவும் என்றது இதற்காகத்தான்.

இரண்டாவது, சான்றிதழ்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எழுத்துப்பூர்வமாகவே அறிவித்திருக்கிறது. பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். டி.சி.யை வைத்து மிரட்டுவது பல இடங்களில் நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

மூன்றாவது, ராகிங் புகார். பி.டி. சார் மேல் ராகிங் புகார் சரியான வழியல்ல தம்பி. யு.ஜி.சி.யின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிமுறைகள் ஒரு மாணவர் இன்னொரு மாணவருக்குச் செய்யும் கொடுமையைப் பற்றியவை. ஆசிரியரோ பயிற்சியாளரோ செய்வதற்கு அது பொருந்தாது; தவறான தலைப்பில் கொடுத்த புகார் சுலபமாகத் தள்ளுபடியாகும். அதற்கு வேறு கதவு இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல்முறையீடாகப் பல்கலைக்கழகத்தில் ஓம்பட்ஸ்பர்சன் என்ற குறைகேள் அதிகாரி இருக்க வேண்டும். நடுவெயில் ஓட்டம், தண்ணீர் மறுத்தது, டி.சி. மிரட்டல் ஆகியவை அங்கே சொல்ல வேண்டியவை.

வீடியோவைப் பரப்பி, மெஸ்ஸில் சூழ்ந்து நின்று பாட்டுப் பாடுகிற மாணவர்கள் விஷயம் வேறு. ஒரு மாணவனைத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தி மனம் நோகச் செய்வது ராகிங் விதிமுறைகளுக்குள் வரும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலிருந்தே ராகிங் தடைச் சட்டமும் இருக்கிறது. முதலில் வார்டனிடம் சொல்லுங்கள். வீடியோவின் நகலையும் குரூப்பின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். அசையவில்லை என்றால் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. விளையாட்டாகச் செய்த பையனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். ‘இதை எடுத்துவிடு, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று ஒருவனிடம் தனியாகச் சொன்னாலே பாதி அடங்குவதும் உண்டு. அதை முயன்று பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. கட்டாயமில்லை.

பி.டி. சாரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவர் மோசமானவர் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. முதல் வருடம் உங்களுக்கு பூட் வாங்கித் தந்தவர் அவர் என்று எழுதியிருக்கிறீர்கள். தோற்கும் அணியின் பி.டி.யை நிர்வாகமும் கேள்வி கேட்கும். அதற்காக அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. உச்சி வெயிலில் தண்ணீர் இல்லாமல் ஓடவைப்பது தண்டனை என்ற பெயரில் செய்யும் உயிராபத்து. வெப்பத் தாக்கில் இளம் விளையாட்டு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். வாந்தி அதன் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. கேப்டன் என்ற முறையில் நீங்களும் வைஸ் கேப்டனும் சேர்ந்து அவரிடம் பேசலாம்: ‘சார், ஓட்டத்தைக் காலையிலோ சாயந்திரமோ வையுங்கள், ஓடுகிறோம், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.’ இதைத் தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள். முன்பே ஒரு பேராசிரியரிடமும் சொல்லி வையுங்கள். கேட்டுக்கொண்டால் நல்லது. மறுபடி அப்படியே நடந்தால் குறைதீர்க்கும் குழுவுக்குத் தயங்காமல் எழுதுங்கள். அணியில் பலர் கையெழுத்திட்டால் உங்களை மட்டும் குறிவைப்பது கடினம்.

வருகைப்பதிவையும் மறக்க வேண்டாம். 68 சதவீதம் என்பது பரீட்சை எழுதவிடாமல் நிறுத்தக்கூடிய எண். பொதுவாக 75 கேட்பார்கள். மேட்சுக்குப் போன நாட்களுக்கெல்லாம் ஓ.டி. (ஆன் டூட்டி என்ற வருகைச் சலுகை) போட்டிருக்கிறார்களா என்று துறைத் தலைவரிடம் சரிபாருங்கள். பல மாணவர்கள் இதைக் கேட்காமலேயே விட்டு நாட்களை இழக்கிறார்கள். மீதிக் குறைவுக்கு மருத்துவச் சான்று வைத்து விலக்கு கேட்கலாம். நாளையிலிருந்து வகுப்புக்குப் போங்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி.

வேலை போய்விட்டதா?

இல்லை. இந்த இடத்தில் நீங்கள் முழுக்கத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், அப்பாவும்தான்.

கல்லூரி அணி எத்தனை மேட்ச் தோற்றது என்பதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுப்பதில்லை. மத்திய அரசுத் துறைகளின் விதிப்படி, தேசிய, சர்வதேசப் போட்டிகளில் ஆடியவர்களோடு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிச் சட்டையில் ஆடியது அந்தத் தகுதியில் வராது. பல்கலைக்கழகச் சட்டையில் ஆடியது வரும். ரயில்வே போன்ற இடங்களில் பல்கலைக்கழக அணி எந்த இடம் பிடித்தது என்பதும் பார்க்கப்படும். கூடவே ட்ரையலில் உங்கள் ஆட்டத்தை நேரில் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதற்கு எந்தப் போட்டியில் என்ன சாதித்திருக்க வேண்டும் என்ற பட்டியல் தனி. அறிவிப்பு வரும்போது வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பல்கலைக்கழக அணிக்கு ஆட்களைத் தனித்தனியாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கடைசி இடத்து அணியிலிருந்தும் ஒரு நல்ல கோலி போகலாம். சொல்லப்போனால், ஜெயிக்கும் அணியின் கோலிக்கு ஒரு மேட்சில் இரண்டு பந்துதான் வரும். உங்களுக்கு இந்த சீசனில் வந்த பந்துகளை எண்ணிப் பாருங்கள். நீங்கள் தடுத்தவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்களும் எழுதி வைக்கவில்லை. ஐந்தாவது மேட்சில் எதிரணி பி.டி. வந்து தோளில் தட்டி, ‘எந்த ஊருடா நீ?’ என்று கேட்டதாக ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தேர்வாளர்களின் கண்ணும் இப்படிப்பட்டவர்களின் கண்தான்.

சான்றிதழ்களை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். ஆடிய ஒவ்வொரு போட்டிக்கும் பங்கேற்புச் சான்று வாங்கி, தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று வேலையோடு ஆடும் அணிகளைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள். பந்து சிலருக்குச் சோறு போட்டிருக்கிறது. எல்லோருக்கும் போடுவதில்லை என்பதும் உண்மை. ஆகையால் பி.காம். பட்டம் கையில் இருந்தாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள்.

அப்பா

அவர் கோபத்தில் பேசுகிறார் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. வீட்டில் பேசாமல், சாப்பிடாமல் கிடக்கும் மகனைப் பார்த்தால் எந்த அப்பாவும் அதற்குக் காரணமானதைத் தூக்கி எறியத்தான் சொல்வார். வள்ளமும் கல்ஃபும் அவருக்குத் தெரிந்த இரண்டு கரை. அவரிடம் கால்பந்தைப் பற்றி வாதாடாதீர்கள். முதலில் கணுக்காலைக் காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்கு அவரையே கூட்டிப் போங்கள். பிறகு அவர் தொழிலிலிருந்தே பேசலாம். வலை வெறுமையாக வந்தால் கரைக்கு வந்து காற்றையும் நீரோட்டத்தையும் வலைக்கண்ணையும் அல்லவா பேசுவார்கள்? கயிறு பிடித்த கடைசிப் பையன் ஒருவன் தலையில் மட்டும் அவர் பழி போடுவாரா? அதே கணக்கைத்தான் 23 கோலுக்கும் நான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் சித்தப்பா ஒரு காலத்தில் ஊர் கிளப்பில் ஸ்டாப்பராக ஆடியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை நடுவில் வையுங்கள். அப்பா உங்களிடம் கேட்காததை அவரிடம் கேட்பார். பங்குச் சாமியார் ஊர் இளைஞர்களோடு பழகுபவர் என்றால் அவரும் உதவலாம். ராசிப் பேச்சை ஊர் மைதானத்தில் அடக்க அவர் ஒரு வார்த்தை போதும். அம்மாவிடம் மட்டும் தூக்கமில்லாததைப் பற்றி மறைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கல்ஃபுக்குப் போவது இழிவான வழி என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கரையில் எத்தனையோ வீடுகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. ஆனால் இரண்டாம் வருடத்தில் படிப்பை முறித்துக்கொண்டு, அவமானத்திலிருந்து தப்பிப்பதற்காகப் போவது வேண்டாம். பட்டம் முடித்து, யோசித்து, போக விரும்பினால் போங்கள்.

இனி உங்கள் நான்காவது கேள்வி. ஆட்டத்தை விடலாமா? விடலாம். அது உங்கள் உரிமை. விட்டால் கோழை என்று அர்த்தமில்லை. ஆனால் இந்த மாதம் அந்த முடிவை எடுக்காதீர்கள். தூங்காத மனதுக்கு எல்லாக் கதவும் மூடியதாகத்தான் தெரியும். கால் ஆறி, ஒரு மாதம் ஒழுங்காகத் தூங்கி, செமஸ்டர் முடிந்தபின், மேட்சும் பார்வையாளரும் இல்லாத ஒரு மாலையில் ஊர் மைதானத்தில் சின்னப் பையன்களோடு நின்று பாருங்கள். பந்து வரும்போது கை தானாக நீள்கிறதா, அப்போதும் மனது சுருங்குகிறதா? அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.

கேப்டன் பட்டையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. உங்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். அதை இப்போதைக்கு இறக்கி வையுங்கள். ஐந்து சீனியர்கள் ஒரே நேரத்தில் போன அணியில், 19 வயதில், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் உங்கள் கையில் அதைக் கட்டினார்கள். கம்பத்தடியில் நிற்பவர் அணி முழுவதையும் தாங்குவது அனுபவசாலிகளுக்கே கடினம். அடுத்த சீசனுக்கு நடுக்களத்தில் ஆடும் ஒருவரைக் கேப்டனாக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, நீங்கள் உங்கள் கோலி வேலையை மட்டும் பாருங்கள். கார்னர் பந்துக்கு எப்போது வெளியே வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்பதைத் தனியாகப் பயிற்சி செய்ய ஒரு நல்ல கோலியைத் தேடுங்கள். உங்கள் பகுதியில் பழைய கோலிகளுக்குப் பஞ்சமில்லை. அணியோடு உட்கார்ந்து, அந்த 23 கோலையும் ஒரு நோட்டில் எழுதி, பந்து எங்கிருந்து வந்தது, யார் எங்கே நின்றார் என்று எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். உங்கள் மூன்று தப்பையும் முதலில் நீங்களே எழுதுங்கள். மற்றவர்களும் எழுதுவார்கள்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை: இன்றே ஒருவரிடம் பேசுவது, ஆசாரிப்பள்ளம் போவது, துறைத் தலைவரிடம் ஓ.டி. நாட்களைச் சரிபார்ப்பது. ஃபீஸ் காகிதத்தின் நகல் கிடைத்ததும் அதன் வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். வழக்கறிஞரிடம் காட்டிப் பதில் வாங்கித் தருகிறேன். கணுக்காலைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும், தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.